காது மிஷின் போட்ட பிள்ளைய மலையில ஸ்கூலுக்கு அனுப்புறது: எங்க அனுபவம்

ஜூன்ல ஸ்கூல் திறக்கப் போகுது. எங்க கோத்தகிரி பக்கத்துலயே இந்த வருஷம் காது மிஷினோட எல்கேஜி, ஒண்ணாவது சேரப் போற பிள்ளைங்க இருக்காங்க, அவங்க அம்மாங்க போன் பண்ணி கேக்குறது எல்லாமே கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிரலாம்னு உக்காந்துட்டேன். என் பொண்ணு நாலாவது முடிச்சிட்டு அஞ்சாவது போறா. மூணு வயசுல இருந்து ரெண்டு காதுலயும் மிஷின், காதுக்குப் பின்னாடி மாட்டுற டைப், காது அளவெடுத்துச் செஞ்ச மோல்டு காதுக்குள்ள போகும். ரெண்டு பக்கமும் 65 டெசிபல் பக்கம் கேக்குற திறன் குறைவு. நாம சாதாரணமா பேசுறதே ஒரு மீட்டர் தூரத்துல 60 டெசிபல் கிட்டதான் இருக்கும், அதனால மிஷின் இல்லாம கிளாஸ்ல அவளுக்கு பேச்சுன்னு ஒண்ணும் கேக்காது. கத்துனா ஏதோ சத்தம்னு தெரியும், என்ன வார்த்தைன்னு தெரியாது.

முதல்ல எனக்கு ரொம்ப முக்கியமா படுறத சொல்லிடுறேன். மிஷின் காதுல இருக்குறது வேற, பிள்ளைக்குக் கேக்குறது வேற. மிஷின் நின்னு போனா பிள்ளை வந்து சொல்லும்னு நெனைக்காதீங்க. சொல்லாது. சின்ன வயசுல சொல்லத் தெரியாது, கொஞ்சம் பெருசானா சொல்ல விரும்பாது. எல்லாத்துக்கும் தலைய ஆட்டும், பக்கத்துல இருக்குற பிள்ளை நோட்டு எடுத்தா தானும் எடுக்கும், எல்லாரும் சிரிச்சா தானும் சிரிக்கும். டீச்சருக்குப் பாத்தா "அமைதியான பிள்ளை, தொந்தரவே இல்ல"ன்னு தோணும். அதனால பிள்ளை சொல்றதுக்கு காத்திருக்காம நாமளும் ஸ்கூலும் கண்டுபிடிக்கிற வழிய பழக்கத்துக்குக் கொண்டு வரணும். நான் கீழ சொல்றது எல்லாமே அதுக்குத்தான்.

இது எங்களுக்கு எப்படி தெரிஞ்சுதுன்னா, அவ ரெண்டாவது படிக்கிறப்போ கோயமுத்தூர்ல ஆடியோலஜிஸ்ட் (கேக்குற திறன டெஸ்ட் பண்ணி மிஷின செட் பண்ணிக் குடுக்குறவங்க) கிட்ட வழக்கமான செக்கப்புக்குப் போயிருந்தோம். அவங்க மிஷின கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்ணிட்டு "பாப்பா ஸ்கூல்ல மிஷின் போடுறதில்லையா?"ன்னு கேட்டாங்க. காலைல நான்தான் மாட்டி அனுப்புறேன், சாயங்காலம் வர்றப்பவும் காதுலதான் இருக்கு, ஏன் கேக்குறீங்கன்னேன். ஸ்கிரீன காட்டுனாங்க. இந்தக் காலத்து மிஷின் எத்தனை மணி நேரம் ஆன்ல இருந்துச்சுன்னு தானே எழுதி வெச்சுக்கும், டேட்டா லாகிங்னு சொல்றாங்க. காலைல ஏழு மணில இருந்து ராத்திரி வரைக்கும் ஓட வேண்டியது, அதுல தினமும் சில மணி நேரம் ஓடவே இல்ல. வீட்டுக்கு வந்து மெதுவா, திட்டாம, கேட்டுக் கேட்டு, ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் வாய தொறந்தா. டிசம்பர் குளிர்ல பிரேயர்ல நிக்கும்போது எல்லாரும் கம்பளிக் குல்லா போட்டிருப்பாங்க, குல்லா மிஷின் மேல அழுந்தினதும் கீய்ய்னு விசில் அடிக்கும், பின்னாடி நிக்கிற பசங்க திரும்பிப் பாத்து சிரிப்பாங்க, அதனால லைன்ல நிக்கும்போதே பேட்டரி மூடிய லேசா தொறந்து மிஷின ஆஃப் பண்ணி விட்டிருக்கா. அப்புறம் மதியம் சாப்பிடுற வரைக்கும் மூடுறதே இல்ல. மிஷின் காதுல அப்படியே இருக்கு, மிஸ் பாக்குறாங்க, நான் பாக்குறேன், எல்லாரும் போட்டிருக்கான்னே நெனச்சோம். இதுல இன்னொண்ணு கவனிக்கணும். மிஷின் நின்னா மிஷின் இல்லாத நெலமைக்குப் போறது இல்ல, அதவிட மோசம், ஏன்னா மோல்டு காத பஞ்சு வெச்ச மாதிரி அடைச்சிருக்கும். கேக்குற கொஞ்ச நஞ்சமும் போயிடும். அதனால டீச்சர் கிட்ட நான் சொல்ற முதல் விஷயமே, மிஷின் வேலை செய்யலைன்னு உறுதியா தெரிஞ்சா அத கழட்டி டப்பால வெச்சிருங்க மிஸ், காதுலயே விட்டுராதீங்கன்னுதான்.

அந்த விசில் ஏன் வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி பிரச்சனை தீரும். மிஷின்ல இருந்து வெளிய வர்ற சத்தம் மோல்டு ஓரமா கசிஞ்சு திரும்ப மிஷின்ல இருக்குற மைக்குக்கே போய் சுத்திச் சுத்தி வருது, அதான் விசில். குல்லா, மஃப்ளர், கை, பெஞ்ச் மேல தலை சாய்க்கிறது, எது மைக்க மூடினாலும் வரும். ஆனா ஒண்ணுமே மூடாம சும்மா உக்காந்திருக்கும்போதும் விசில் வந்தா மோல்டு சின்னதாயிடுச்சுன்னு அர்த்தம், பிள்ளை வளருது, காது வளருது, மோல்டு வளராது. சின்னப் பிள்ளைங்களுக்கு சில மாசத்துக்கு ஒருக்கா மாத்த வேண்டி வரும். விசில நிறுத்த சத்தத்த குறைச்சு வெச்சிராதீங்க, அப்படி குறைச்சா விசில் நிக்கும், கேக்கவும் கேக்காது. காதுக்குள்ள அழுக்கு அடைச்சிருந்தாலும் விசில் வரும், அதையும் ஒருக்கா டாக்டர் கிட்ட காட்டிக்கோங்க.

குளிருக்கு நாங்க பண்ணுனது, காதை இறுக்கி மூடுற மங்கி குல்லாவ நிறுத்திட்டோம். என் அத்தையே லூசா, ஓட்டை ஓட்டையா ஒரு குல்லா பின்னிக் குடுத்தாங்க, மைக் இருக்குற இடத்துல கம்பளி அழுந்தாது. கிளாஸ்குள்ள குல்லா வேண்டாம்னு மிஸ் கிட்டயும் சொல்லியாச்சு. கெட்டியான கம்பளிக்குள்ள இருந்தா விசில் வராட்டியும் ஸ், ஷ், ச மாதிரி மெலிசான சத்தங்க வடிகட்டிப் போயிடும், அது வெளிய தெரியவே தெரியாது. ஸ்வெட்டரும் தலை வழியா போடுறது வேண்டாம், முன்னாடி பட்டன் வெச்சதோ ஜிப் வெச்சதோ வாங்குங்க. வெயில் வந்ததும் பிள்ளைங்க ஸ்வெட்டர உருவும்போது மிஷினும் சேந்து வரும், அது எங்க விழுந்துச்சுன்னு அப்புறம்தான் தேடணும். ரெண்டு மிஷினயும் சேத்து ஒரு மெல்லிசு கயிறு, அதோட நுனியில கிளிப், காலர்ல மாட்டி விட்டுருங்க.

இப்போ காலை வேலை. அஞ்சு நிமிஷம் போதும், ஆனா தினமும். ஆடியோலஜிஸ்ட் கிட்ட கேட்டா ஸ்டெதஸ்கோப் மாதிரி ஒரு குழாய் குடுப்பாங்க, அத மிஷின்ல மாட்டி நம்ம காதுல வெச்சு கேக்கலாம். சத்தம் தெளிவா வருதா, கரகரன்னு வருதா, விட்டு விட்டு வருதான்னு கொஞ்ச நாள்ல நமக்கே பிடிபட்டுரும். அப்புறம் மாட்டி விட்டுட்டு ஆறு சத்தம் சொல்லணும்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். டேனியல் லிங்னு ஒருத்தர் உருவாக்குனது, லிங் டெஸ்ட்னு சொல்லுவாங்க. பேச்சுல வர்ற தடிச்ச சத்தத்துல இருந்து மெலிசான சத்தம் வரைக்கும் இந்த ஆறுலயே அடங்கிரும். நான் முதுகுக்குப் பின்னாடி நின்னு தலை பின்னும்போதே சொல்லிருவேன், அவ திருப்பிச் சொல்லணும். முன்னாடி நின்னா உதட்டப் பாத்து சொல்லிருவா, வாய கையால மூடினா சத்தமே மாறிரும், அதனால பின்னாடி நிக்கிறதுதான் சரி. வரிசைய மாத்தி மாத்தி சொல்லணும், நடுவுல சும்மா நிறுத்தணும், இல்லன்னா மனப்பாடமா ஒப்பிச்சிருவாங்க. வலது காது தனியா, இடது காது தனியா. எதை விடுறாங்கங்கிறதுல விஷயம் இருக்கு. ஒரு நாள் ஆ, ஊ, ம் எல்லாம் டக்குனு சொன்னா, ஸ் மட்டும் வலது பக்கம் வரவே இல்ல. கழட்டிப் பாத்தா மிஷினயும் மோல்டயும் சேக்குற ட்யூப் வளைவுல குண்டூசித் தலை அளவுக்கு ஒரு தண்ணிச் சொட்டு.

இந்த தண்ணிச் சொட்டுதான் மலையில இருக்குற நமக்கு பெரிய எதிரி. கீழ இருக்கிறவங்களுக்கு வேர்வை பிரச்சனை, நமக்கு குளிர். காதுக்குள்ள சூடான ஈரக் காத்து இருக்கு, ட்யூப் வெளிய குளிர்ல இருக்கு, உள்ள போற அந்த ஈரம் ட்யூப் சுவர்ல பட்டு தண்ணியா நின்னுரும். அதுலயும் குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர்ல வடகிழக்கு மழையும் மஞ்சும் சேந்து அடிக்கும்போது துணியே வாரக்கணக்குல காயாது, மிஷின் மட்டும் எப்படி காயும். ஒரு சின்ன ரப்பர் பம்ப் இருக்கு, மோல்ட மிஷின்ல இருந்து கழட்டிட்டு ட்யூப்ல வெச்சு ரெண்டு தடவை அமுக்குனா சொட்டு வெளிய தெறிச்சிரும். வாயால ஊதாதீங்க, நம்ம மூச்சுலயும் ஈரம்தான் இருக்கு. இந்த பம்ப் ரெண்டு வாங்கி ஒண்ண ஸ்கூல்ல குடுத்து வெச்சிருங்க. உள்பக்கம் ஈரம் தங்காத மாதிரி ட்யூபும் இருக்கு, குளிர்ப் பிரதேசம்னு சொல்லிக் கேட்டா மாத்திக் குடுப்பாங்க. ட்யூப் மஞ்சளாகி கெட்டியாயிடுச்சுன்னாலே மாத்த வேண்டியதுதான், அது பெரிய செலவு இல்ல.

ராத்திரி தூங்கும்போது மிஷின கழட்டி, பேட்டரிய எடுத்துட்டு, மூடிய தொறந்தே வெச்சு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வெச்சு இறுக்கி மூடிரணும். பேட்டரிய அதுக்குள்ள வெக்காதீங்க, காஞ்சு போய் சீக்கிரம் தீந்துரும். ஜெல் நிறம் மாறிடுச்சுன்னா அது ஈரத்த குடிச்சு முடிச்சிடுச்சு, வேற மாத்தணும். மழை மாசத்துல எங்க வீட்டுல அது ரொம்ப சீக்கிரமே மாறிரும், அதனால இப்போ கரண்ட்ல ஓடுற டிரையர் பெட்டி வாங்கிட்டோம். சிலர் அடுப்படில, ஹீட்டர் பக்கத்துல, ஹேர் டிரையர்ல காய வெக்கிறாங்க, தயவு செஞ்சு வேண்டாம், உள்ள இருக்குற சாமான் போயிரும். மோல்ட மட்டும் கழட்டி வெதுவெதுப்பான தண்ணில கழுவலாம், மிஷின் மேல தண்ணி படவே கூடாது, மோல்டு நல்லா காஞ்ச பிறகுதான் மாட்டணும்.

தலைக்கு எண்ணெய் வெக்கிறதும் நம்ம வீடுகள்ல இதுல சேரும். மிஷின் மாட்டின பிறகு எண்ணெய் தடவி சீவுனா மைக் ஓட்டையில எண்ணெய் இறங்கிரும், பவுடரும் அப்படித்தான். தலை பின்னி, கைய நல்லா தொடச்சிட்டு கடைசியா மிஷின் மாட்டுங்க, அப்புறமா லிங் டெஸ்ட். ரெட்டை ஜடைய காது மேல இறக்கிப் பின்னுனா ரிப்பன் மைக்ல உரசி அவளுக்கு நாள் பூரா கரகரன்னு கேக்கும். எங்க அத்தை ஆரம்பத்துல முடிய இழுத்து மிஷின மறைச்சு விடச் சொல்லிட்டே இருந்தாங்க, ஊர்ல நாலு பேரு பாப்பாங்கன்னு. "மறைச்சா மைக்கும் மறைஞ்சிரும் அத்தை, அவளுக்குத்தான் கேக்காது"ன்னு சொன்னேன். அடுத்த மோல்டு எடுக்கப் போனப்போ நீலக் கலர்ல வேணும்னு அவளே கேட்டா, எடுத்துக் குடுத்தோம். இப்போ அத்தைதான் பக்கத்து வீட்டுல எல்லாருக்கும் காட்டுறாங்க.

பேட்டரி விஷயத்துக்கு வர்றேன். எங்களுது 13 நம்பர், ஆரஞ்சு ஸ்டிக்கர். இன்னும் பவர் கூடுன மிஷினுக்கு 675, நீல ஸ்டிக்கர். இது காத்துல இருக்குற ஆக்சிஜன வெச்சு வேலை செய்யிற ஜிங்க் பேட்டரி, ஸ்டிக்கர உரிச்சதுமே ஓட ஆரம்பிச்சிரும், திரும்ப ஒட்டினாலும் பிரயோஜனம் இல்ல. உரிச்சதும் உடனே போடாம ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் வெளிய வெச்சிருந்து போட்டா நல்லா ஓடும். குளிர்ல இதோட சக்தி குறையும், அதனால டிசம்பர், ஜனவரில உறைபனி விழுற நாள்ல நேத்து வரைக்கும் நல்லா ஓடுன பேட்டரி காலைல திடீர்னு படுத்துரும். நாங்க தீர்ற வரைக்கும் காத்திருக்கிறது இல்ல. ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டையும் மாத்திரணும்னு வெச்சுட்டோம், எடுத்த பழசுல சக்தி பாக்கி இருந்தா லீவு நாளுக்கு வீட்டுல வெச்சு ஓட்டிக்கலாம், ஸ்கூல் நேரத்துல நின்னு போறதவிட இது எவ்வளவோ மேல். சின்னப் பிள்ளைங்க மிஷின்ல பேட்டரி மூடிக்கு லாக் வெச்சுத் தருவாங்க, கேட்டு வாங்குங்க. வீட்டுல கைக்குழந்தை இருந்தா இன்னும் கவனம், இந்த பட்டன் பேட்டரி தொண்டையில மாட்டினா உள்ள புண்ணாக்கிரும், முழுங்கிட்டாங்கன்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மூக்குல, காதுல போட்டுக்கிட்டாலும் அதே அவசரம்தான்.

ஸ்கூலுக்கு ஒரு சின்ன டப்பா குடுத்து வெச்சிருக்கோம். உள்ள புது பேட்டரி ஒரு அட்டை, ரப்பர் பம்ப், மெத்துனு ஒரு துணி, மோல்டு சுத்தம் பண்ற சின்ன வளையக் கம்பி, மிஷின கழட்ட வேண்டி வந்தா வெக்கிறதுக்கு தனியா ஒரு குட்டி டப்பா, என் நம்பர். இது பிள்ளை பையில இருக்கக் கூடாது, மிஸ் பீரோல இருக்கணும். எங்க ஸ்கூல்ல வராண்டால பை வெச்சா குரங்கு வந்து ஜிப்ப தொறந்து டிபன் பாக்ஸ தூக்கிட்டுப் போறது சகஜம், அதோட சேந்து எது போச்சுன்னு யார் பாக்குறது. வருஷா வருஷம் ஜூன்ல கிளாஸ் மிஸ் மாறுவாங்க, அதனால முதல் வாரமே நேர்ல போய் பேட்டரி மாத்துறத அவங்க கையாலேயே ஒரு தடவை பண்ண வெச்சிருவேன். காட்டிட்டு மட்டும் வந்தா பயந்துக்கிட்டு தொடவே மாட்டாங்க. தமிழ்ல ஒரே பக்கத்துல எழுதி பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டியும் வெச்சாச்சு. கிளாஸ் மிஸ் லீவுன்னா யாருன்னு இன்னொருத்தர் பேரையும் கேட்டு வாங்கிருங்க, எங்களுக்கு பி.டி. சார்தான் அந்த ரெண்டாவது ஆள், மைதானத்துல விழுந்தா தேடுறதும் அவர்தான்.

பிள்ளை தானா சொல்லாதுன்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு நாங்க வெச்ச வழி பென்சில் பாக்ஸ். மிஷின் நின்னா, இல்ல சத்தம் சரியில்லைன்னா, பென்சில் பாக்ஸ நிமித்தி நிக்க வெச்சிரணும், மிஸ் பாத்துட்டு பேசாம வந்து டப்பாவ எடுத்துக் குடுப்பாங்க. எழுந்து எல்லார் முன்னாடியும் "மிஸ், மிஷின் வேலை செய்யல"ன்னு சொல்ற அவசியம் இல்ல. இத ஆரம்பிச்ச பிறகுதான் அவ சொல்ல ஆரம்பிச்சா. இப்போ பேட்டரி தானே மாத்திக்கிறா, இருந்தாலும் பாக்ஸ் பழக்கத்த விடல.

டீச்சர்ங்க கிட்ட நான் கேக்குறது ரொம்ப இல்ல, ஆனா ஒண்ணு மட்டும் விடாம கேப்பேன்: "புரிஞ்சுதா?"ன்னு அவ கிட்ட கேக்காதீங்க மிஸ். எப்பவும் ஆமான்னுதான் சொல்லுவா. "இப்போ நான் என்ன பண்ணச் சொன்னேன், சொல்லு"ன்னு கேளுங்க. ஒரே கேள்விதான், ஆனா மிஷின் ஓடுதா, பாடம் போச்சா, ரெண்டும் அதுல தெரிஞ்சிரும். மூணாவதுல இருந்த மிஸ் இத அவளுக்கு மட்டும் இல்லாம கிளாஸ் பூரா மாத்தி மாத்தி கேக்குறத வழக்கமாக்கிட்டாங்க, அதனால அவளுக்கும் தனியா நிறுத்தி வெச்சுக் கேக்குற மாதிரி இல்ல. போர்ட பாத்து எழுதிக்கிட்டே பேசாதீங்க, எழுதிட்டுத் திரும்பிப் பேசுங்க. ஜன்னலுக்கு முன்னாடி நின்னா வெளிச்சம் பின்னாடி இருந்து வந்து முகம் இருட்டா இருக்கும், உதடு தெரியாது. பின் பெஞ்சுல ஒரு பையன் பதில் சொன்னா அத ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க, அவளுக்கு முன்னாடி இருக்குற உங்க குரல் கேக்கும், பின்னாடி இருக்குறவன் குரல் கேக்காது. கத்த வேண்டாம், கத்துனா சத்தம் சிதைஞ்சு இன்னும் குழப்பும்.

உக்கார வெக்கிற இடம். எல்லாரும் முதல் பெஞ்ச்னு சொல்லுவாங்க, எனக்கு ரெண்டாவது பெஞ்ச் ஓரம்தான் சரியா பட்டுச்சு. முதல் பெஞ்சுல இருந்தா மத்த பிள்ளைங்க என்ன பண்றாங்கன்னே தெரியாது, கழுத்த அண்ணாந்து மிஸ்ஸ பாக்கணும். ரெண்டாவதுல முன்னாடி இருக்குறவங்க புக்கு எடுக்குறது தெரியும், கொஞ்சம் திரும்புனா கிளாஸ் பூரா தெரியும். ரோட்டு ஜன்னல், கதவு பக்கம் வேண்டாம், எங்க ஸ்கூல் ரோட்டுல தேயிலை லாரி ஏத்தத்துல கியர் மாத்துற சத்தம் ஒண்ணே போதும்.

தூரத்த பத்தியும் டீச்சருக்குச் சொல்லணும், பேசுறவருக்கும் பிள்ளைக்கும் நடுவுல தூரம் ரெண்டு மடங்கானா குரல் 6 டெசிபல் குறையும். கிளாஸ் இரைச்சல் அப்படியேதான் இருக்கும், குரல் மட்டும் குறையும். மிஷின் குரலையும் இரைச்சலையும் சேத்துதான் பெருசாக்குது. இதுல நம்ம ஊர் தகர ஷீட் கூரை ஒண்ணு இருக்கு பாருங்க. மழை பிடிச்சா நமக்கே பக்கத்துல இருக்குறவர் பேச்சு கேக்காது, அவளுக்கு ரெண்டு காதுலயும் கூரைதான் கொட்டும். அந்த நேரம் பாத்து டிக்டேஷன் வெச்சு பத்துக்கு ரெண்டு வாங்கிட்டு வந்து அழுதுருக்கா. நான் போய் சண்டை போடல, மழை நேரத்துல டிக்டேஷன் வேண்டாம், எழுதுற வேலை குடுங்கன்னு கேட்டேன், ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் ரிமோட் மைக் வாங்குனோம். எஃப்.எம்.னு பழைய பேரு. மிஸ் கழுத்துல ஒரு சின்ன மைக், வாய்க்கு ஒரு ஜாண் கீழ, அவங்க குரல் தூரம் பாக்காம நேரா மிஷினுக்கே வந்துரும். விலை அதிகம்தான், எங்களுக்கு சீட்டுப் பணம் எடுத்துத்தான் வாங்க முடிஞ்சுது, ஆனா மிஷினுக்கு அடுத்து கிளாஸ்ல பெரிய வித்தியாசம் காட்டுனது அதுதான். வாங்குறதுக்கு முன்னாடி நம்ம மிஷினோட சேருமான்னு ஆடியோலஜிஸ்ட்ட கேட்டுக்கோங்க, எல்லா மைக்கும் எல்லா மிஷினுக்கும் சேராது. மிஸ் கிளாஸ விட்டு வெளிய போகும்போது அத மியூட் பண்ணணும், இல்லன்னா ஸ்டாஃப் ரூம் பேச்சு பூரா அவ காதுல ஓடும், எழுதுற வேலைய கவனிக்க முடியாது. மத்த பிள்ளைங்க பேசும்போது மைக்க அவங்க கையில குடுக்கணும், பிள்ளைங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

கிளாஸ் பிள்ளைங்களையும் நாங்க இதுல சேத்துக்கிட்டோம். விசில் சமாச்சாரம் தெரிஞ்ச பிறகு மிஸ் கிட்ட ஒரு பீரியட் கேட்டு, என் பொண்ணு சரின்னு சொன்ன பிறகுதான், அந்த ஸ்டெதஸ்கோப் குழாய எடுத்துட்டுப் போனேன். ஒவ்வொருத்தரா வந்து மிஷின் வழியா கேட்டாங்க. மோல்ட கையில பொத்தி விசில் ஏன் வருதுன்னும் அவளே செஞ்சு காட்டினா. ஒரு பையன் காதுல குழாய வெச்சுக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல ரெண்டு பேரு பெஞ்ச இழுத்தாங்க, அவன் கண்ண இறுக்கி மூடிட்டு "ஐயோ, பெஞ்ச இழுக்காதீங்கடா"ன்னு கத்தினான். அதுக்கப்புறம் அந்த கிளாஸ்ல பெஞ்ச தூக்கித்தான் வெக்கிறாங்க. பின்னாடி இருந்து கூப்பிட்டா அவ திமிர்ல திரும்பாம இல்ல, தோள தட்டிட்டு முன்னாடி வந்து பேசணும்னு சொல்லிக் குடுத்தோம். மிஷின தொட்டுப் பாக்குற ஆசையும் அன்னிக்கே முடிஞ்சு போச்சு.

சளி பிடிச்சா இந்த ஊர்ல சீக்கிரம் விடாது, அதையும் கவனிக்கணும். சளியால காதோட நடுப்பகுதியில நீர் கோத்துக்கிட்டா ஏற்கனவே குறைவா கேக்குறது இன்னும் குறையும், மிஷின்ல கோளாறே இருக்காது, லிங் டெஸ்ட்ல மட்டும் நேத்து சொன்னது இன்னிக்கு வராது. மிஷின மாத்தி மாத்திப் பாத்துட்டு இருக்காம இ.என்.டி. டாக்டர் கிட்ட போங்க. காதுல சீழ் வந்தா அந்தப் பக்கம் மோல்டு போடாம, டாக்டர் சொல்ற வரைக்கும் இன்னொரு காதுல மட்டும் போட்டு அனுப்புறோம், ஸ்கூலுக்கும் எழுதிக் குடுத்துருவேன், அந்த நாள்ல மட்டும் கேக்குற காது மிஸ் பக்கம் இருக்கிற மாதிரி இடம் மாத்திருவாங்க.

சாயங்காலம் வந்ததும் அவ களைச்சுப் போய் வருவா. நாம கவனிக்காமலே கேக்குறத அவ நாள் பூரா கவனிச்சுக் கவனிச்சு கேக்குறா, மூளைக்கு அது அவ்வளவு வேலை. வந்ததும் டியூஷன், ஹோம்வொர்க்னு பிடிக்காம கொஞ்ச நேரம் மிஷின கழட்டிட்டு இருக்கணும்னா இருக்கட்டும்னு விட்டுருவோம். டீ, வருக்கி சாப்பிட்டுட்டு தானே வந்து மாட்டச் சொல்லுவா.

பேப்பர் வேலைய பத்தி கேக்குறவங்களுக்கு. யு.டி.ஐ.டி. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துருங்க, எல்லாத்துக்கும் அதத்தான் கேக்குறாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ரெண்டு காதுலயும் பேச்சு கேக்குற அளவுல 70 டெசிபல் இழப்புன்னா காது கேளாதவர், 60ல இருந்து 70 வரைக்கும் கேக்குற திறன் குறைஞ்சவர்னு வரையறை. 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடுன்னு சர்டிஃபிகேட் இருந்தா 6 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் இலவசமா படிக்கிற உரிமை அந்தச் சட்டத்துல இருக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி குடுக்குற மத்திய அரசோட ஏடிஐபி திட்டத்துல மிஷின் கிடைக்கும், வருமான வரம்பு உண்டு. மிஷினால பயன் இல்லாத அளவுக்கு இழப்பு இருக்குற சின்னப் பிள்ளைங்களுக்கு காக்ளியர் இம்பிளான்ட் (ஆபரேஷன் பண்ணி காதுக்குள்ள வெக்கிற கருவி) நம்ம முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல 6 வயசுக்குள்ள பண்ணிக்கலாம், இதுல ஒவ்வொரு மாசமும் முக்கியம், யோசிச்சுக்கிட்டு தள்ளிப் போடாதீங்க. வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருப்பாங்க, ஸ்கூலுக்கே வந்து பாப்பாங்க, நீங்க போய் பேர் குடுத்தாத்தான் தெரியும். பொதுத் தேர்வுல கூடுதல் நேரம் மாதிரி சலுகைங்க இருக்கு, அதுக்கெல்லாம் சர்டிஃபிகேட்டும் ஆடியோகிராமும் (கேக்குற அளவு டெஸ்ட் ரிப்போர்ட்) பழசுல இருந்து வரிசையா ஒரு ஃபைல்ல இருக்கணும்.

முழு டெஸ்டுக்கு நாங்க மைசூர் மானசகங்கோத்ரில இருக்குற அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்கும் போறோம், ஊட்டி, கூடலூர் பக்கத்துல இருந்து நிறைய பேரு அங்கதான் போறாங்க. கெளம்புறவங்க ஞாபகம் வெச்சுக்கோங்க, பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் மூடியிருக்கும், அதனால முதல் நாளே போய் தங்குறதுதான் பிள்ளைக்கு நல்லது. தூக்கம் கெட்டுப் போய் உக்கார வெச்சா டெஸ்ட்ல சரியா பதில் சொல்லாது.

அப்புறம், மழைக்கு முன்னாடியே பேட்டரி ரெண்டு மாசத்துக்கு வாங்கி வெச்சிருங்க. மண் சரிஞ்சு மேட்டுப்பாளையம் ரோடு அடைஞ்சா கொரியர் மேல வராது, இங்க மெடிக்கல்ல எல்லா நம்பரும் எப்பவும் இருக்காது. வாங்கும்போது அட்டையில எக்ஸ்பயரி தேதிய பாத்து வாங்குங்க, ஃபிரிட்ஜ்ல வெக்காதீங்க, ஈரம் படாத அலமாரில இருந்தா போதும். பழைய மிஷின் ஒண்ணு சும்மா இருந்தா தூக்கிப் போடாம ஆடியோலஜிஸ்ட் கிட்ட குடுத்து பிள்ளையோட இப்போதைய அளவுக்கு செட் பண்ணி வெச்சுக்கோங்க, ரிப்பேருக்கு கீழ அனுப்பினா திரும்பி வர்றதுக்கு நாளாகும், அது வரைக்கும் ஸ்கூலுக்கு அதப் போட்டு அனுப்பலாம்.